படிவயலும் உழவு யந்திரமும்

கண்டி நகரைச் சூழ்ந்த யட்டிநுவரை, உடுநுவரைப் பகுதிகளில் வயல்கள் பெரும்பாலும் சமதரையில் விரிவதில்லை. குன்றின் சரிவில் படிப்படியாக இறங்கி ஓயாக்கரையில் முடிகின்றன. நெடுங்காலம் இவற்றை எருமைகளே உழுதும் மிதித்தும் சேறாக்கின. எருமை திரும்ப இயலாத மூலைகளை மண்வெட்டி கொத்தியது. 1912ஆம் ஆண்டில் உருவான விவசாயத் திணைக்களம் அருகிலுள்ள பேராதனையிலேயே தலைமையகம் கொண்டது. ஆயினும், யந்திர உழவு இந்தப் படிகளில் எளிதில் ஏறவில்லை. அதன் காரணம் யந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது.

அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்குசன், கலப்பையை வெறுமனே பின்னால் இழுக்காமல், மூன்று முனைகளில் யந்திரத்தோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். கலப்பையின் இழுவை பின்சக்கரங்களின்மேல் பாரமாக இறங்கியதால், இலேசான யந்திரமும் வழுக்காமல் உழுதது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவருடைய சாம்பல்நிற யந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாயின. அவற்றின் வழிவந்ததே இலங்கை உழவர் நன்கறிந்த மாசி பெர்குசன் 35. மூன்று உருளை டீசல் எஞ்சின், ஏறத்தாழ 37 குதிரைவலு, முன்செல்ல ஆறு கியர், பின்செல்ல இரண்டு. இவை அதன் இலக்கணம்.

உலர் வலயத்தின் அகன்ற வயல்களுக்கு இவ்விலக்கணம் பொருந்தியது. கண்டிப் படிவயலிலோ, ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் திரும்புவதற்கு இடமில்லை. வரம்பைக் கடக்க வழியில்லை. ஆழ்ந்த சேற்றில் புதையும் அச்சமும் உண்டு.

இந்நிலையில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன, 1950களில் 'லாண்ட்மாஸ்டர்' என்னும் இருசக்கர யந்திரத்தை வடிவமைத்தார். உழவன் பின்னால் நடந்து கைபிடித்துச் செலுத்தும் அச்சிறு யந்திரம் குறுகிய வயலுக்கும் ஏற்றது. காலப்போக்கில் அப்பெயரே அவ்வகை யந்திரங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கலாயிற்று. எனினும், தாம் யந்திரமாக்கியது விவசாயத்தையா, எருமையை மட்டுமா என்னும் வினாவைப் பின்னாளில் அவரே எழுப்பினார்.

அவ்வினா ஆழமானது. எருமை வரப்புப் புல்லை மேய்ந்து சாணமும் பாலும் கன்றும் தந்தது; யந்திரமோ கப்பலில் வரும் எண்ணெயை நம்பியது. 2022இல் டீசல் கிடைக்காமல் இலங்கை உழவர் தவித்தபோது, அந்த நம்பிக்கையின் விலை யாவர்க்கும் விளங்கிற்று. குதிரைவலுவையும் கியரையும் கணக்கிடுவோர், வயலின் அகலத்தையும் சேற்றின் ஆழத்தையும், எண்ணெய் வரும் வழியையும் அவற்றோடு சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பது மலைநாட்டு வயல்கள் புகட்டும் பாடமாகும்.