கட்டிப்போட்ட படகின் ஆயில்

தூத்துக்குடிக் கரையில் மரக்கலத்தை ஓட்டுவது எவ்வளவு பழைய தொழிலோ, அதைக் கெடாமல் நிறுத்தி வைப்பதும் அவ்வளவு பழைய தொழில். முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி முற்றிய ஆண்டில், கடல் அடங்கியிருக்கும் சில வாரங்கள் நடக்கும், அவ்வளவுதான். கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளும் தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் பழைய துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியில் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்ப்பார்கள், குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள், மீனெண்ணெய் தடவுவார்கள். வெயிலில் காய்ந்து வெடித்துவிட்ட மரத்துக்கு எண்ணெய் தடவிப் பயனில்லை. அது வெடிப்பதற்கு முன்னால் சேர வேண்டிய எண்ணெய். மரத்துக்குத் தெரிந்த இந்த முறை இன்ஜினுக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகை எடுக்கும் நாளில் தென்படும் ஆயில் கோளாறில் பெரும்பங்கு, படகைக் கட்டிப்போட்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழகத்தில் 2001-இல் 45 நாளாக வந்த தடைக்காலம், 2017-இல் 61 நாளாக நீண்டது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஓடிய ஆயிலில் கரி இருக்கும், டீசல் எரிந்து உண்டான ஈரம் இருக்கும், டீசலிலுள்ள கந்தகத்தால் பிறந்த அமிலமும் இருக்கும். இன்ஜின் தினமும் சூடேறும்வரை ஈரம் ஆவியாகிப் போகும். நின்றுவிட்டால் அமிலம் இரண்டு மாதமும் பேரிங்கின் மேல் உட்கார்ந்து அரிக்கும். மேலே ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வடிய, சிலிண்டர் சுவரில் உப்புக்காற்றின் ஈரம் துருவாகும். ஆயில் சீல் காய்ந்து சுருங்கும். கசிவு கண்ணில் படுவது மட்டும் ஜூனில்.

நின்ற இன்ஜினைப் பார்க்கப்போகிறவர் சாவியைத் தொடுமுன் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் உள்ளே தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கிறது. டீசலென்றால் ஆயில் நீர்த்து, வாடை காட்டிக்கொடுக்கும். தண்ணீரென்றால், ஆயிலைவிடக் கனமானதால் நாள்பட நின்றதில் பிரிந்து அடியில் தங்கியிருக்கும். சம்ப்பின் அடித்திருகை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது அதுதான். அது எங்கிருந்து வந்தது என்று அளவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: சொட்டுச் சொட்டாக வந்தால் காற்றின் ஈரமாக இருக்கலாம், கொட்டினால் கூலர் ஓட்டையாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் ஓட்டிவிட்டால் ஆயில் மோராகிவிடும். பிறகு பிரித்தறிவது பாடு. எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. டீசலை அடைத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் அசையும்வரை சும்மா சுற்றவிட வேண்டும். வறண்ட பேரிங்குக்கு முதல் சில நொடிகள்தான் ஆபத்து.

படகைக் கட்டும் நாளிலேயே பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றுவதே அரிப்புக்கு மாற்று. தடை தொடங்கும்போது புது ஆயில் ஊற்றினால், ஓடாமலே அது வீணாகுமே என்பார்கள். வருமானமில்லாத இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் செலவு கனக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆயிலைக் கெடுப்பது நாள் அல்ல, எரிப்பின் கழிவு. சுத்தமாக நின்ற ஆயிலில் தண்ணீர் கலக்காதவரை ஜூனில் அதிலேயே தொழிலுக்குப் போகலாம். எப்படியும் மாற்றப்போகும் ஆயிலை இரண்டு மாதம் முன்னதாக மாற்றுகிறோம், அவ்வளவே. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதாது என்பதோடு அது கெடுதலும் கூட. சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடும் இன்ஜின் சரியாகச் சூடேறுவதில்லை. புதிதாக உண்டாகும் ஈரத்தை உள்ளேயே விட்டுவிட்டு நிற்கும். காற்றுக்காக ஒதுங்கிய தோணியும் மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாணையால் நின்ற படகும் ஒன்றா என்று வரலாறு படித்தவர் கேட்கக்கூடும். காரணம் வேறுதான், கந்தக அமிலத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. தோணியின் பழுது வெளியே தெரிந்தது, அடிப்பலகை ஒழுகினால் எல்லோரும் பார்த்தார்கள். பேரிங்கின் அரிப்பை யாரும் பார்க்க முடிவதில்லை. கலப்பத்துக்குக் கிடைத்த கவனம் ஆயிலுக்குக் கிடைக்காமல் போனதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். சோம்பலும் கஞ்சத்தனமும் அதற்குப் பிறகுதான்.