ஆடும் ஜெல்லி, ஆடாத ஜெல்லி



அமெரிக்காவில் ஹாலோவீன் விருந்து மேசையைப் பார்த்தால் நம் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் குமட்டும். தட்டில் ஒரு மூளை வழுவழுவென்று உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வெட்டிய கை, கண்விழிகள், சிலந்தி, வௌவால். எல்லாம் அச்சில் ஊற்றி எடுத்த ஜெல்லி. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அந்த மூளையைக் கரண்டியால் வெட்டித் தின்பார்கள்.

ஹாலோவீன் அக்டோபர் 31. மறுநாள் எல்லாப் புனிதர்கள் திருநாள். அதற்கும் மறுநாள், நவம்பர் 2, நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் கல்லறைத் திருநாள். மூன்றும் அடுத்தடுத்த நாட்கள்தான். முதல் நாளை அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பிள்ளைகளின் வேடிக்கையாகிவிட்டது.

அந்த மேசையில் இருக்கும் ஜெல்லிக்கு ஒரு சரித்திரம் உண்டு. பிரபுக்கள் வீட்டுப் பண்டம் தச்சர் வீட்டுக்கு வந்த கதை. வந்த பிறகும் சில பிள்ளைகளுக்கு மட்டும் அது எட்டவில்லை. அந்தக் கடைசிப் பகுதிக்கும் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கும் தொடர்பு இருக்கிறது. அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தக் கதையில் எனக்குத் தனி ஈடுபாடு. காரணம் பின்னால் வரும்.

முதலில் ஜெலட்டின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஆட்டுக்கால் சூப் மீந்துபோய்க் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைந்திருக்கும் அல்லவா, அதுதான். மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீரில் வெந்து ஜெலட்டின் ஆகிறது. சூட்டில் கரையும், குளிரில் உறையும்.

ஐரோப்பாவில் பிரபுக்கள் வீட்டுச் சமையல்காரர்கள் கன்றுக்குட்டிக் கால்களை மணிக்கணக்கில் கொதிக்கவைப்பார்கள். கொழுப்பை எடுத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தெளியவைத்து, துணிப்பையில் சொட்டுச் சொட்டாக வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் ஒயினும் சேர்த்து, செம்பு அச்சில் ஊற்றி உறையவைப்பார்கள். ஒரு ஜெல்லிக்கு ஒரு நாள் போய்விடும். ஆள் வேண்டும், வெயில் காலமானால் ஐஸும் வேண்டும். மேசை நடுவில் கோபுரம் போல ஒரு ஜெல்லி நின்றால், இந்த வீட்டில் வேலையாட்கள் நிறைய என்று அர்த்தம்.

ஐஸ் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பிறகு சென்னைக்கும் வந்தது. அதற்கென்று 1842 வாக்கில் கட்டிய கிடங்குதான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஜெல்லியை எளிதாக்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. பீட்டர் கூப்பர் என்று ஒருவர். அந்த நாட்டின் ஆரம்பகால நீராவி ரயில் எஞ்சின்களில் ஒன்றை 1830இல் ஓட்டிக் காட்டியவர். பசைத் தொழிற்சாலையும் வைத்திருந்தார். பசையும் ஜெலட்டினும் பங்காளிகள். வெந்நீர் விட்டால் போதும் என்கிற தயார் ஜெலட்டினுக்கு 1845இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது பெரிதாக விற்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1897இல், நியூயார்க் மாநிலத்து லெராய் என்ற சிற்றூரில் பேர்ல் வெய்ட் என்ற தச்சர் ஜெலட்டின் தூளில் சர்க்கரை, பழவாசனை, நிறம் எல்லாம் கலந்தார். தச்சு வேலையோடு இருமல் மருந்து தயாரித்து விற்றவர் அவர். மனைவி மே அதற்கு ஜெல்-ஓ என்று பெயர் வைத்தார். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, ஆரஞ்சு, எலுமிச்சை என்று நான்கு வகை. அதே 1897 பிப்ரவரியில்தான் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் நம் ஐஸ் ஹவுஸில் தங்கினார். ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இப்படி ஒரு முடிச்சு தேவைப்படுகிறது.

வெய்ட்டிடம் விற்கத் தெம்பு இல்லை. 1899இல் உரிமையை அதே ஊர் ஒரேட்டர் உட்வர்டிடம் 450 டாலருக்குக் கொடுத்துவிட்டார். உட்வர்டும் ஆரம்பத்தில் திணறித்தான் போனார். பிறகு பத்திரிகை விளம்பரம், வீட்டுக்கு வீடு இலவசச் சமையல் புத்தகம் என்று இறங்கியதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வெந்நீர் ஊற்று, கலக்கு, குளிரவை. சமையல்காரர் படை தேவையில்லை. பின்னால் மின்சாரக் குளிர்பெட்டி வீடுகளுக்கு வந்ததும் ஐஸ் கவலையும் ஒழிந்தது. இன்று லெராயில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஹாலோவீன் பக்கம் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்று இரவு பையன்கள் வேலியைப் பிடுங்குவதும் கேட்டைக் கழற்றுவதுமாக அட்டகாசம் செய்தார்கள். அவர்களை வீட்டுக்குள் இழுக்க விருந்து வைத்தார்கள். ஆப்பிள், கொட்டைப் பருப்புகள், டோனட், ஆப்பிள் சாறு, எல்லாம் வீட்டுப் பண்டம். போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1947இல் முடிந்த பிறகுதான் வீடு வீடாக மிட்டாய் வாங்குவது நாடு முழுக்கப் பரவியது. 1970களில் ஒரு பயம் கிளம்பியது: முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள் என்று. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல ஆண்டுச் செய்திகளை அலசிப் பார்த்து, அந்நியர் கொடுத்த ஹாலோவீன் பண்டத்தால் பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட இல்லை என்றார். ஆனாலும் பயம் பயம்தான். கையால் செய்த பண்டத்தைத் தெருவில் கொடுக்கும் வழக்கம் நின்றது. தெரிந்தவர் வீட்டு விருந்தில் மட்டும் அது மிஞ்சியது. மூளை ஜெல்லிக்கு இடம் அங்கேதான்.

மூளை என்றதும் இன்னொன்று. 1970களில் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் பச்சை ஜெல்லிக் கட்டி ஒன்றில் மூளை அலைக் கருவியின் கம்பிகளைப் பொருத்தினார். கருவி அலைகளை வரைந்தது! சுற்றியுள்ள மற்ற இயந்திரங்களின் மின்சாரச் சலனத்தைத்தான் அது பிடித்திருந்தது. அந்தக் கோட்டை மட்டும் பார்த்து உயிர் உண்டு, இல்லை என்று தீர்மானிக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்குக் காட்ட அவர் செய்த வேலை அது.

தச்சர் வீட்டுக்கு வந்தும் எட்டாத பிள்ளைகள் யார் என்று இப்போது சொல்கிறேன். நியூஜெர்சியில் என் மகள் இருக்கும் தெருவில் பாதிப்பேர் சைவம், இல்லையென்றால் ஹலால் பார்க்கிறவர்கள். ஒரு வீட்டு ஹாலோவீன் விருந்தில் எல்லாப் பிள்ளைகளும் ஜெல்லியை மொய்த்துக்கொண்டிருக்க, ஆறு வயதான என் பேத்தி, "அதுல மாடு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜூஸ் டம்ளரோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் அவள் சிநேகிதி, ஒரு பாகிஸ்தானியக் குழந்தை, அதுவும் ஜூஸ் டம்ளரோடு. யாரும் ஒதுக்கவில்லை. பண்டமே ஒதுக்கிவிட்டது.

அடுத்த வருடம் நாங்கள் அங்கே இருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க ஆஸ்பத்திரியில அகார் காய்ச்சினவர்தானே? இந்த வருஷம் விருந்து நம்ம வீட்டுல. ஏதாவது பண்ணுங்க."

அகார் என்பது கடல்பாசிச் சத்து. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பரிசோதனைக்கூடத்தில் நோயாளியின் சளியிலும் புண்ணிலும் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்க, உறைந்த அகார் தட்டில்தான் அதை வளர்ப்போம். இந்த வழக்கம் ஒரு சமையலறையிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் முதலில் ஜெலட்டினில்தான் கிருமி வளர்த்தார்கள். மனித உடல் சூட்டில் ஜெலட்டின் இளகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்றே தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை செய்த வால்ட்டர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி, அமெரிக்காவில் பிறந்தவர். 1881இல், "நான் ஜெல்லிக்குப் போடுகிற அகாரைப் போட்டுப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர்களிடமிருந்து தெரிந்துகொண்ட கைப்பக்குவம் அது. அகார் 35, 40 டிகிரிக்குக் குளிர்ந்தாலே உறையும். மறுபடி இளக 85 டிகிரியாவது வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை உலகம் பூராவும் அகார் தட்டுதான்.

நம் முஸ்லிம் நண்பர்கள் வீட்டு நோன்பு துறப்பில் ரோஸ் நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டித் தரும் கடல்பாசியும் இதேதான். நம்ம ஊர் ஜிகர்தண்டாவிலும் போடுவார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர் சொல்லி எடுப்பவை அகார் தரும் பாசிகள். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பறிக்கிறார்கள். அங்குள்ள 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால், அந்தப் பிழைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே அவர்கள் பாடு திண்டாட்டம்.

நியூஜெர்சியில் நான் செய்தது இதுதான். பத்து கிராம் கடல்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு துணுக்கும் மிஞ்சாமல் கரையும்வரை கொதிக்கவைத்தேன். சர்க்கரை, கால் லிட்டர் பால், ஒரு சொட்டுச் சிவப்பு நிறம். பாலைக் கட்டாயம் சூடாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த பால் பட்டால் அங்கங்கே திரிதிரியாக உறைந்துவிடும். மூளை அச்சில் ஊற்றி மேசைமேலேயே வைத்தேன். குளிர்பெட்டிக்குப் போகுமுன்பே உறைந்துவிட்டது. ஒவ்வொரு மடிப்பும் அச்சு அசலாக வந்தது. கை அச்சுக்கு ஆரஞ்சுச் சாறு.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒரு பையன் தட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆடவே இல்லையே" என்றான். உண்மைதான். ஜெலட்டினுக்கு உள்ள குலுக்கலும் வாயில் வைத்ததும் உருகுவதும் அகாருக்குக் கிடையாது. நறுக்கென்று உடையும். பேத்தி அதைக் காதில் வாங்கவில்லை. சிநேகிதியோடு சேர்ந்து மூளையின் இடது பாதியைக் காலி செய்துகொண்டிருந்தாள். உலுக்கிய பையனும் இரண்டாம் தடவை தட்டை நீட்டினான்.

வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் போகும்போது பெட்டியில் நாலு பாக்கெட் கடல்பாசி போட்டுக்கொள்ளுங்கள். எடையே இருக்காது. மேலே சைனா கிராஸ் என்றுதான் அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது பாம்பன் பெண் ஒருத்தி மூச்சடக்கிப் பறித்ததாகவும் இருக்கலாம்.