33 வருஷம் நீடித்த தப்புக் கணக்கு!

வீட்டில் சேமியா இருக்கிறதா? ஒரு பிடி எடுத்து, நன்றாகக் குழைய வேகவைத்து, ஒரு தட்டில் கொட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடக்கும். இப்போது சொல்லுங்கள், அதில் மொத்தம் எத்தனை இழை? விரலால் பிரிக்கக் கூடாது. மேலேயிருந்து பார்த்தே எண்ண வேண்டும்!

தலை சுற்றுகிறதா? நூறு வருஷத்துக்கு முன்பு மனித செல்லைத் திறந்து பார்த்த விஞ்ஞானிகளுக்கும் இப்படித்தான் சுற்றியது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் உள்ளே குட்டிக் குட்டி நூல்துண்டுகள் தெரியும். அவைதான் குரோமோசோம்கள். அப்பாவின் மூக்கு, அம்மாவின் சுருட்டை முடி என்று நாம் பரம்பரையாக வாங்கிவந்த எல்லாமே அந்தத் துண்டுகளுக்குள் எழுதியிருக்கிறது. மனிதனுக்கு அது எத்தனை? இந்தச் சின்னக் கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1920-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் தியோஃபிலஸ் பெயின்ட்டர் என்ற விலங்கியல் நிபுணர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். எண்ணுவதற்கு மனித உடலின் திசு வேண்டுமே? அருகிலிருந்த மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்த சிலருக்கு ஆபரேஷன் செய்து விதைகளை அகற்றியிருந்தார்கள். அந்தத் திசுதான் அவருக்குக் கிடைத்தது. அந்த மனிதர்களிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா என்று நீங்கள் நினைத்தால்... அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

திசுவை மெல்லிய சீவல்களாக நறுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினார் பெயின்ட்டர். 1921-ல் அவர் எழுதியதைக் கவனியுங்கள்: மிகத் தெளிவாகத் தெரிந்த செல்களில் 46 இருந்தது, மற்ற சிலவற்றில் 48 போலத் தோன்றியது. அப்புறம் இன்னும் எண்ணி, யோசித்து, 1923-ல் தீர்ப்பு சொன்னார் - 48!

சரியான விடை அவருடைய மிகத் தெளிவான ஸ்லைடுகளிலேயே இருந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார் மனுஷர்.

தப்பு செய்வது பெரிய விஷயமில்லை. யார்தான் செய்யவில்லை? அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மற்ற ஆராய்ச்சியாளர்களும் எண்ணினார்கள். பெரும்பாலோருக்கும் 48-தான் கிடைத்தது! பாடப் புத்தகங்களில் 48 ஏறி உட்கார்ந்தது. 46 மட்டும் கண்ணில் பட்டால், 'இரண்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறது' என்று தேடினார்கள். கிடைத்தது. தேடினால் கிடைக்காதா என்ன?

இந்த இடத்தில் ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர் கதைக்குள் வருகிறது.

1952. அதே டெக்ஸாஸ் மாநிலம், கால்வெஸ்டன் நகரம். டி.சி. சூ என்ற சீன இளைஞர் அங்கே செல்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஸ்லைடைப் பார்த்தவர் திகைத்துப்போனார். வழக்கமான கட்டி இல்லை. குரோமோசோம்கள் தனித்தனியாக, அழகாகப் பரவிக் கிடந்தன! மறுபடி செய்து பார்த்தார். பழையபடி கட்டி. அதை மாற்றி, இதை மாற்றி, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு உண்மை தெரிந்தது. செல்களைக் கழுவும் உப்புக் கரைசலைத் தயாரித்தவர் அளவைத் தவறாகப் பார்த்து, உப்பைக் குறைத்துவிட்டார்! பாயசத்தில் விழுந்த உலர் திராட்சை எப்படி உப்பிக்கொள்கிறது? அதே மாதிரி, உப்பு குறைந்த தண்ணீரில் செல் ஊதிப் பெருத்து, உள்ளே குரோமோசோம்கள் விலகி நின்றன. இன்றுவரை உலகமெங்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யும் லேப்களில் இந்தத் தந்திரம்தான்.

அந்தப் பாட்டிலைக் கலக்கியவர் யார்? சூ கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. கடைசிவரை தெரியவில்லை.

சரி, இவ்வளவு தெளிவான ஸ்லைடு கிடைத்ததே, சூ எத்தனை எண்ணினார் என்கிறீர்களா? 48! ஆமாம், கண்ணெதிரே தனித்தனியாக நின்றவற்றைப் பார்த்த பிறகும் 48. அவர் முனைவர் பட்டம் வாங்கியது பெயின்ட்டர் இருந்த அதே பல்கலைக்கழகத்தில். படித்த பாடம் கண்ணை மறைத்துவிட்டது.

முடிச்சை அவிழ்த்தவர் மனிதனை ஆராய்ந்தவர் அல்ல, செடிகளை ஆராய்ந்தவர். பெயர் ஜோ ஹின் சியோ. ஜாவாத் தீவில் 1919-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு மீண்டு, ஐரோப்பா போய், ஸ்பெயினில் வேலை பார்த்தார். நடுநடுவே ஸ்வீடனில் லுண்ட் நகருக்கு வந்து ஆல்பர்ட் லெவான் என்ற பேராசிரியரின் லேபில் ஆராய்ச்சி செய்வார். இந்த லெவான் வெங்காய வேரில் 'கோல்ச்சிசின்' என்ற நஞ்சைச் செலுத்திப் பார்த்துப் பெயரெடுத்தவர். செல் பிரிந்துகொண்டிருக்கும்போதே அதைப் பாதியில் 'ஸ்டாப்' சொல்லி நிறுத்திவிடும் நஞ்சு அது. (நம்ம தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான்!)

சூவின் உப்புத் தண்ணீர், லெவானின் நஞ்சு, இதோடு ஸ்லைடை மெதுவாக நசுக்கிப் பரப்பும் செடிக்காரர்களின் கைப்பக்குவம். மூன்றும் சேர்ந்தன. 1955 டிசம்பர் 22, விடிவதற்கு முன் சியோ எண்ணினார். 46. அடுத்த செல்? 46. அதற்கடுத்தது? அதுவும் 46. இருநூறு செல்களுக்கு மேல் எண்ணியாயிற்று. 1956-ல் கட்டுரை வெளியானது. அதே வருஷம் இங்கிலாந்தில் ஃபோர்டு, ஹாமர்ட்டன் என்ற இருவரும் தனியாக எண்ணிப் பார்த்து ஆமோதித்தார்கள். 33 வருஷக் கணக்கு திருத்தப்பட்டது.

அந்தக் கட்டுரையில் ஒரு தகவல் இருக்கிறது. சற்று முன்புதான் ஸ்வீடனிலேயே வேறொரு குழு இதே ஆராய்ச்சியில் இறங்கி, பாதியில் நிறுத்திவிட்டதாம். காரணம்? எவ்வளவு தேடியும் 48 கிடைக்கவில்லை! திரும்பத் திரும்ப 46-தான் வந்தது. ஆகவே, 'நம்மிடம்தான் ஏதோ கோளாறு' என்று மூட்டை கட்டிவிட்டார்கள். உண்மை கதவைத் தட்டியிருக்கிறது. 'தப்பான வீடு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

'48 ஆனால் என்ன, 46 ஆனால் என்ன? எனக்கு இட்லி அதேதானே!' என்கிறீர்களா? அப்படியில்லை சார். மேலே படியுங்கள்.

சிறிய கண்கள், தட்டையான முகம், கொஞ்சம் தாமதமான வளர்ச்சி, மலர்ந்த சிரிப்பு. அப்படிப்பட்ட குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1866-ல் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டர் அவர்களைப் பற்றி எழுதினார். முகச்சாயலை வைத்து 'மங்கோலியர்' என்று ஓர் இனத்தின் பெயரையே முத்திரையாகக் குத்தினார். பெற்றோருக்கு இருந்த காசநோய்தான் காரணம் என்று நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அப்பாவின் குடி, பால்வினை நோய், தாயின் களைத்த கருப்பை என்று அடுக்கினார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் பழி பெற்றவர்கள் தலையில்தான்.

பாரிஸில் மார்த்தா கோத்தியே என்ற இளம் பெண் டாக்டர், சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கிக் கண்ணாடிச் சாமான்கள் சேர்த்து, செல் வளர்க்க ஒரு சின்ன லேப் அமைத்தார். செல்களுக்கு ஊட்டத் தன் ரத்தத்தையே எடுத்துக் கொடுத்தார்! 1958-ல் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் செல்களை எண்ணியபோது 47 இருந்தது. ஒன்று கூடுதல்!

இப்போது யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் இன்னமும் 48 என்றே இருந்திருந்தால், அந்த 47-ஐ 'ஒன்று குறைகிறது' என்றல்லவா சொல்லியிருப்பார்கள்? தொலைந்துபோகாத ஒன்றைத் தேடி இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும்! கணக்கு திருந்தியதால்தான் விஷயம் புரிந்தது. 21-ம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேரும் பிசகு. தாயின் வயது ஏறினால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அவள் சாப்பிட்டதோ, செய்ததோ, செய்யாததோ காரணமில்லை. 'மங்கோலியர்' என்ற பெயரையும் 1965-ல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது.

கோத்தியேவுக்கு என்ன ஆயிற்று? ஸ்லைடைப் படமெடுக்க அவரிடம் வசதியில்லை. உடன் பணியாற்றிய ஜெரோம் லெஜூன், படமெடுத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். ஸ்லைடுகள் திரும்பி வரவே இல்லை. இது கோத்தியே சொன்னது. லெஜூன் தரப்பு இதை மறுக்கிறது. 1959 ஜனவரியில் வெளியான கட்டுரையில் முதல் பெயர் லெஜூன். இரண்டாவதாக இருந்த கோத்தியேவின் பெயரையோ எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்தார்கள்! 2014-ல் பிரான்ஸின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, இந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு பிரதானமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கருத்துச் சொன்னது. அப்போது கோத்தியே தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 2022-ல் காலமானார்.

குரோமோசோம்களை ஒருவழியாகச் சரியாக எண்ணிவிட்டோம். ஆனால் மனநல விடுதியிலிருந்த அந்த ஆண்கள், உப்பைக் குறைத்துப் போட்ட கை, 46-ஐப் பார்த்தும் தங்களையே சந்தேகப்பட்டவர்கள், பெயரில் பிழையோடு அச்சான பெண்... இவர்களை எண்ணும்போது மட்டும் ஒன்றிரண்டு விட்டுப்போய்விடுகிறது.

அடுத்த முறை உங்கள் பையன் பாடத்தை ஒப்பிக்கும்போது நடுவில் நிறுத்தி, 'அதெப்படித் தெரியும்?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். 33 வருஷம் அந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை!