கடல் கடந்து வந்த சிறுதேர்

தமிழ்க் குழந்தைக்கும் சிறிய வண்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை பூட்டாத, மூன்று உருளைகளை உடைய சிறு தேரைப் பிள்ளைகள் உருட்டிச் செல்லும் காட்சி ஒன்று வருகிறது. முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் எறிந்த காதணி, அந்தச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறதாம். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் ஆண் குழந்தையின் பத்துப் பருவங்களுள் இறுதியானதைச் சிறுதேர்ப் பருவம் என்றே வகுத்தனர். நடைவண்டி, பனங்காயில் குச்சி செருகிய நுங்கு வண்டி, கயிறு கட்டி இழுக்கும் மரவண்டி, சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் எனத் தலைமுறைக்குத் தலைமுறை அந்தத் தேர் உரு மாறி வந்திருக்கிறது.

இவ்வரிசையில் ஒரு வண்டி மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அதைத் தள்ள வேண்டியதில்லை. கயிறு கட்டி இழுக்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது திரும்பும், நிற்கும், பின்னோக்கி வரும். பிள்ளைகள் அதற்கு இட்ட பெயர் ரிமோட் கார். இன்று நடுத்தர வயதை எட்டியிருக்கும் பலருக்குத் தம் முதல் ரிமோட் காரைப் பற்றி, அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிமோட் காரைப் பற்றி, அழியாத நினைவு ஒன்று இருக்கும். அந்த வண்டி எங்கே பிறந்தது, எவ்வாறு நம் தெருவுக்கு வந்தது என்பதைக் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து காண்பது பொருத்தமாகும். பூம்புகாரைப் போல மட்டாஞ்சேரியும் கடல் வாணிபத்தால் வளர்ந்த ஊரல்லவா?

கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கும் எண்ணம் விளையாட்டில் தோன்றியதன்று. 1887-88-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், மின்பொறி ஒன்றை உண்டாக்கி, அதிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அலைகள் வெளியில் பரவுவதை மெய்ப்பித்தார். சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில் அவ்வலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணி ஒன்றை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். செய்தி அனுப்புவதற்கு மட்டுமின்றி, ஒரு செயலைச் செய்விப்பதற்கும் அலைகள் உதவும் என்பதை அந்த மணியோசை அறிவித்தது எனலாம்.

1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவெதோ 1904-ஆம் ஆண்டில் மின்சார வண்டி ஒன்றை இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து செலுத்திப் பார்த்தார். அந்த வண்டிக்கு உருளைகள் மூன்று! பட்டினப்பாலைப் பிள்ளைகள் உருட்டிய தேருக்கும் அதே எண்ணிக்கைதான். 1906-இல் அவர் பில்பாவோ துறைமுகத்தில் அரசர் முன்னிலையில் படகையும் அவ்வாறே செலுத்தினார்.

அக்காலக் கருவிகள் பெரியவை, விலையும் மிகுதி. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே வானொலிக் கருவி உள்ளங்கையில் அடங்கலாயிற்று. 1966-ஆம் ஆண்டில் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரிலிருந்த எல்-ஜி என்ற நிறுவனம் ஃபெராரிக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, வானொலியால் இயங்கும் கார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1976-இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் வெளியிட்ட போர்ஷே 934 கார் உலகெங்கும் இவ்விளையாட்டைப் பரப்பியது. ஆராய்ச்சி மண்டபத்தில் தோன்றிய அற்புதம் எழுபது எண்பது ஆண்டுகளில் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் அன்று. அயல்நாட்டு நுகர்பொருள்களை இறக்குமதி செய்வதற்கு நம் நாட்டில் நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2001 ஏப்ரல் முதல் நாளில்தான். கம்பியில்லாக் கருவி எதையும் உரிமமின்றி வைத்திருக்கலாகாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. வீட்டு வானொலிப் பெட்டிக்கே ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். இப்பொம்மைகள் பயன்படுத்தும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று விதி செய்யப்பட்டது 2005-ஆம் ஆண்டில். அதற்கு நெடுங்காலம் முன்பே அந்தக் கார்கள் நம் தெருக்களில் ஓடிக் கொண்டிருந்தன!

அவை வந்த வழி யாவரும் அறிந்ததே. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் வேலை பெருகிற்று. கேரளத்திலிருந்து பல்லாயிரவர் அங்கே சென்றனர். அவர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வந்தபோது, டேப் ரிக்கார்டர், புடவை, வாசனைத் தைலம் ஆகியவற்றோடு பெட்டியின் ஒரு மூலையில் பிள்ளைக்கென்று ஒரு காரும் வந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பலர் பம்பாயில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, ரயிலேறிக் கொச்சிக்கு வந்தனர். அந்தக் காரின் அட்டைப் பெட்டி வழியெல்லாம் மடியில் வைத்துக் காக்கப்பட்ட பொருளாகும்.

மட்டாஞ்சேரியின் பஜார் சாலைக்குப் பின்புறத்தில் நான் வளர்ந்த சந்தில் பல மொழிகள் வழங்கின. போர்த்துக்கீசியர் 1555-இல் கட்டிய அரண்மனையும், 1760-இல் எழுந்த யூதக் கோயிலின் மணிக்கூண்டும் சிறிது தொலைவில்தான். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் வழங்கிய அத்தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. எங்கள் சந்தில் முதல் ரிமோட் கார் வந்தது ஒரு ராவுத்தர் வீட்டுக்கு. 1980-களின் நடுப்பகுதி அது. அவ்வீட்டுப் பையனின் அத்தா துபாயில் வேலை பார்த்து வந்தார்.

கிடங்கு முற்றத்தில் உலர்த்தியிருந்த சுக்கை அள்ளியபின், அந்தச் சிமெண்டுத் தரைதான் எங்களுக்கு ஓட்டக்களம். சிவப்பு நிறக் கார். அதன் பின்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்று ஆடிக் கொண்டிருக்கும். கையிலிருந்த கருவியில் இருந்தது ஒரே பொத்தான். விசையைப் போட்டவுடன் கார் நேராக ஓடத் தொடங்கும். பொத்தானை அழுத்தினால் பின்னோக்கி வளைந்து வரும். விட்டால் மறுபடியும் முன்னே ஓடும். வலப்புறம் திருப்ப வேண்டுமானால் எத்தனை முறை பின்னே இழுத்து எப்போது விட வேண்டும் என்று கணக்கிட்டாக வேண்டும். நாங்கள் கோண அளவு கற்றது பள்ளியில் பாதி, அந்த முற்றத்தில் பாதி.

திண்ணையில் பாட்டி ஒருத்தி டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக் கொண்டிருப்பார். கார் அருகே ஓடும்போதெல்லாம் வானொலி கரகரவென்று இரையும். 'அந்தச் சனியனை அப்பாலே ஓட்டுங்கடா!' என்று அவர் அதட்டுவார். அந்த இரைச்சலின் காரணத்தைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். காரின் சிறு மோட்டாருக்குள் மின்தொடுமுனை உராயுமிடத்தில் இடைவிடாமல் மின்பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் அலைகளைப் பரப்புகிறது. ஹெர்ட்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் கண்டதும், போஸ் கல்கத்தாவில் மணியடிக்கப் பயன்படுத்தியதும் இத்தகைய பொறியிலிருந்து பிறந்த அலைகளையே. பாட்டியின் செய்தியைக் கெடுத்தது வானொலியின் பாட்டனார் என்று சொன்னால் தவறாகாது.

மறு ஆண்டில் அடுத்த சந்துக்கும் ஒரு கார் வந்தது. இரண்டும் ஒரே அலைவரிசை. ஒருவன் பொத்தானை அழுத்தினால் இரண்டு கார்களும் சேர்ந்து பின்வாங்கின! சண்டை மூண்டது, பின்னர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரு சந்துக்குக் காலை, மற்றொன்றுக்கு மாலை. அலைகளுக்கு வேலி கிடையாது, பயன்படுத்துவோர் தமக்குள் பங்கிட்டுக் கொள்ள வேண்டும் என்ற நியதியை நாடுகள் மாநாடு கூட்டி வகுத்திருக்கின்றன. நாங்கள் அதே நியதியைக் கிடங்குச் சுவரருகே நின்று வகுத்துக் கொண்டோம்.

இந்த நினைவுகளுள் ஒன்று மட்டும் எனக்கு விளங்க நெடுநாளாயிற்று. அந்தப் பையனின் அத்தா வந்த அன்று தெருவே கூடிக் காரைப் பார்த்தது. அதன்பின் அவர் விடுப்பில் இருந்த நாற்பது நாளும் அவன் அதைத் தொடவே இல்லை. அவர் தோளில் ஏறுவதும், அவரோடு படகுத்துறைக்குப் போவதுமாக இருந்தான். அவர் புறப்பட்ட மறுநாள் அட்டைப் பெட்டி திறந்தது. மாலைதோறும், பாட்டரி தீரும்வரை, அவன் அந்தக் காரை ஓட்டினான். வேறெவரும் பொத்தானைத் தொட அவன் இடங்கொடுத்தாலும், காரைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கும் வேலையை ஒருவருக்கும் விட்டதில்லை.

உப்புக் காற்றும் ஆனி, ஆடி மழையும் எந்தப் பொம்மையையும் விட்டு வைப்பதில்லை. பாட்டரி தாங்கும் சுருள்கம்பியில் பச்சை பூத்தது, மணற்காகிதத்தால் தேய்த்தோம். பிறகு பல்சக்கரம் தேய்ந்தது. இறுதியில் அந்த மோட்டாரைக் கழற்றித் தகட்டு இறக்கை பொருத்தி விசிறியாக்கினோம். வெயில் நாளில் அது கூலியின்றி உழைத்தது. காரின் மேற்கூடு மட்டும் அவன் வீட்டு அலமாரியில் பல ஆண்டுகள் இருந்தது.

இன்றைய கார்களுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அத்தகைய ஒவ்வொரு காரும் தன் கருவியை மட்டும் அடையாளங் கண்டு கீழ்ப்படிகிறது. பத்துக் கார்கள் ஒரே முற்றத்தில் ஓடினாலும் குழப்பமில்லை. கடைத்தெருவில் எளிதில் கிடைக்கின்றன. அயல்நாடு சென்று ஒருவர் வாங்கி வர வேண்டியதில்லை. இது நன்மையே. அன்று தெருவில் பலரும் ஏக்கத்தோடு பார்த்து நின்ற பொருள் இன்று பலருக்கும் எட்டியிருக்கிறது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் நண்பர்களுக்குப் பொருள் அனுப்புவதும் பெறுவதும் பழகிய செய்திகள். உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய பழைய கார் ஒன்று இருந்தால், இந்த விடுமுறையில் அதை இறக்குங்கள். நான்கு திருகுகளைக் கழற்றி, மோட்டாரையும் பல்சக்கரத்தையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். போஸ் அடித்த மணியைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தக் காரை வாங்கி வந்தவர் யார், எந்த ஊரில், என்ன வேலை செய்து அதை வாங்கினார் என்பதையும் சொல்லுங்கள். அவர் இன்னும் நம்மிடையே இருப்பாராயின், அந்தக் கதையை அவர் வாயாலேயே பிள்ளைகள் கேட்கும்படி செய்யுங்கள்.