ரோட்டோரத் தோட்டத்துக் கீரையைச் சாப்பிடலாமா? மண்ணில் தங்கிய ஈயம் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பழைய குடியிருப்புகளில் காம்பவுண்ட் சுவர் ஓரம் கீரை போட ஆசைப்படுகிறீர்களா? சுவருக்கு அந்தப் பக்கம் பரபரப்பான சாலை என்றால், விதைக்கும் முன் இதைப் படியுங்கள்.

பெட்ரோலில்தான் இப்போது ஈயம் இல்லையே?

உண்மைதான். இந்தியாவில் 2000-ம் ஆண்டிலேயே ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் மட்காது. அதற்கு முன் புகையோடு விழுந்தது, கிளறாத மேல்மண்ணில் இன்னும் இருக்கலாம். பழைய சுவர்களில் உதிரும் பெயின்ட்டும் அதோடு சேரும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய வண்டிகளால் பாதிப்பு இல்லையா?

உண்டு. டயர் தேய்ந்தால் துத்தநாகம், பிரேக் தேய்ந்தால் தாமிரம். சிக்னல் அருகே இது அதிகம். எலெக்ட்ரிக் வண்டிக்கும் டயர் இருக்கிறதே! சாலையைவிட்டுத் தள்ளிப்போனால் அளவு வேகமாகக் குறையும்.

செடிக்குள் எப்படிப் போகிறது?

ஈயம் பெரும்பாலும் தூசியாக இலையில் படியும். வேர் வழியே அதிகம் ஏறாது. காட்மியம் வேர் வழியே இலை வரை போகும், கழுவினாலும் போகாது. அமிலத்தன்மை கூடிய மண்ணில் இது இன்னும் எளிது.

யாருக்கு ஆபத்து?

முக்கியமாகக் குழந்தைகளுக்கு. மூளை வளர்ச்சியையே ஈயம் பாதிக்கும். உடலுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சும்; பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயப் பெட்ரோல் காலத்தில், 1999-ல், பெங்களூரின் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் பெருநகரங்களில் நடத்திய ஆய்வில், சோதித்த 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தத்தில் ஈயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது (ஒரு டெசிலிட்டருக்கு).

அப்போ தோட்டமே வேண்டாமா?

வேண்டாம் என்றில்லை. இடத்தையும் பயிரையும் மாற்றுங்கள்:

• கீரை, புதினா, கிழங்கு வகைகளை வீட்டின் பின்பக்கமோ மாடியிலோ வையுங்கள். சாலைப் பக்கம் பூச்செடிகள் போதும்.
• தக்காளி, கத்தரி போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே சேரும்.
• தொட்டிக்கு வெளியிலிருந்து நல்ல மண்ணும் மட்கிய உரமும் வாங்குங்கள்.
• ஆய்வகத்தில் மண் சோதனை கொடுக்கும்போது, 'ஈயமும் காட்மியமும் பார்க்கணும்' என்று கேளுங்கள். வழக்கமான உரச் சோதனையில் அவை வராது.
• குழந்தை மண்ணில் விளையாடினால், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். கீரையைவிட, கையில் ஒட்டிய மண் வழியாகத்தான் ஈயம் அதிகம் உள்ளே போகும்.