பாட்டியின் பாட்டிக்கு என்ன பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கலந்துகொண்டு வந்து உட்காருங்கள்.

போன டிசம்பரில் என் பழைய மாணவன் ஒருவன் மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். இப்போது ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறான். மனைவி அந்த ஊர்ப் பெண். ஒன்பது வயதில் ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம், அதைப் பையன் என்னிடம் காட்டினான். அம்மா பக்கம் எட்டுத் தலைமுறை, 1760-கள் வரை வரிசையாகப் பெயர்கள். அப்பா பக்கம் மூன்றே கட்டம். அதற்கு மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"பாட்டி, அப்பாவோட தாத்தாவுக்கு அம்மா கிடையாதா?" என்று மழலைத் தமிழில் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், இவங்க அம்மா வீட்டுக்காரங்க ஒண்ணும் ராஜ வம்சம் இல்ல. பண்ணையில கூலி வேலை பார்த்தவங்க. அவங்க பேரெல்லாம் எப்படிக் கிடைச்சுது? எங்க ஆயா பேரு மட்டும் ஏன் கிடைக்கல?" என்றான்.

வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேள்வியே கேட்காத பையன் அவன். முப்பது வருடம் கழித்து நல்ல கேள்வி கேட்டான். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஸ்வீடனில் 1686-ஆம் ஆண்டு ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊர் பாதிரியாரும் தன் எல்லைக்குள் நடக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அதோடு வீடு வீடாக ஒரு பதிவேடு. நமக்கு வாக்காளர் பட்டியல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிரியார் வந்து எல்லோருக்கும் படிக்கத் தெரிகிறதா, வேதபாடம் மனப்பாடமா என்று சோதித்து மதிப்பெண் போடுவார். பண்ணைக்காரருக்கும் மதிப்பெண், அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் மதிப்பெண், இரண்டும் ஒரே பக்கத்தில். ஊர் மாறிப் போனால் பாதிரியாரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் கொடுக்க வேண்டும். நம் டி.சி. மாதிரியேதான்! எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்பதும் பதிவேட்டில் இருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பின்னால் போகலாம். 2018 முதல் அந்த நாட்டு ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்த இந்தப் பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்க விடுகிறது.

பாசத்தினால் எழுதிய கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். யார் வரி கட்டுவார், யார் பட்டாளத்துக்கு வருவார், யார் மதக் கட்டுப்பாட்டை மீறுகிறார் என்று அரசும் சபையும் கண்காணித்த கணக்கு அது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்றால் அதையும் குத்திக்காட்டி எழுதியிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கண்காணிப்பினால்தான் ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயர் இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது.

பெயர் வைக்கும் முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நம் இனிஷியல் முறைதான் அவர்களுக்கும். ஆண்டர்ஸ் என்பவரின் மகன் யோஹான் என்றால் யோஹான் ஆண்டர்சன். யோஹானின் மகன் பெர் என்றால் பெர் யோஹான்சன். தலைமுறைக்குத் தலைமுறை கடைசிப் பெயர் மாறும். பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் பத்து ஆண்டர்சன்கள் சேர்ந்துவிட்டால்? 'வாள்', 'தைரியசாலி' என்று பொருள்படும் பட்டப்பெயர்களைக் கொடுத்துவிடுவார்களாம். ஒரே வகுப்பில் மூன்று முருகன்களை வைத்துக்கொண்டு நான் 'நெட்டை முருகன்', 'குட்டை முருகன்' என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? 1901-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் குடும்பப் பெயர் என்பது அங்கே எல்லோருக்கும் நிலையானது.

ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஆண்டர்ஸின் மகள் ஆண்டர்ஸ்டாட்டர், அதாவது ஆண்டர்ஸ் மகள். அந்தக் காலத்து நாட்டுப்புறங்களில் கல்யாணம் ஆன பிறகும் அவள் ஆண்டர்ஸ் மகள்தான். புருஷன் பெயர் ஒட்டாது. அதனால் பாட்டிகளைத் தேடுவது சுலபம். நம் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறிவிடுகிறது. பிள்ளை பிறந்ததும் 'இன்னார் அம்மா' ஆகிவிடுகிறாள். பேரன் பிறந்தால் 'ஆயா'. சாகும்போது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை.

ஸ்வீடனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 1733-இல் ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து வியாபாரம் தொடங்கியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்து சரக்கைப் பறித்து விரட்டிவிட்டார்கள். 1740-இல் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன்காரர் மிஷனரியாகக் கடலூருக்கு வந்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பழைய மிஷன் தேவாலயத்தைக் கட்டியவர் அவர்தான். 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு முதல் பேராயரும் ஸ்வீடன்காரர்தான், ஹேமன் என்று பெயர். பின்னால் அதே பதவிக்கு வந்த யோஹான்னஸ் சாண்டெக்ரென் ஒரு மிஷனரியின் மகன், 1883-இல் நம் மதுரையில் பிறந்தவர். ஆக, முன்னோரைத் தேடுகிற ஸ்வீடன் குடும்பங்களில் சிலருக்குத் தேடல் நம் ஊரில் வந்து முடியும்.

அவர்கள் இப்படித் தேடுவதற்கு ஒரு காரணம் பஞ்சம். 1867, 68-இல் அங்கே கொடும் பஞ்சம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுமார் 12 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தப் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். நம் கதையும் அதுதானே? 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. 1911 வரை அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அங்கிருந்து தமிழர்கள் இங்கே ஊர் தேடி வருகிறார்கள். கடல் தாண்டிப் போனவனுக்குச் சீட்டு இருக்கிறது. ஊரிலேயே கிடந்தவனுக்கு?

ஊரில் இருந்தவனுக்கு நிலம் இருந்தால் சீட்டு உண்டு. நம் ஊரில் அரசு எழுதியது வரிக்கணக்கு. அதனால் நிலத்தோடுதான் பெயர் வரும். இதை அந்த மாணவனிடம் சொல்லி, "உங்க வீட்டில பழைய பத்திரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அகரம்தென்னில் இருக்கும் அவன் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. மறுநாளே எடுத்து வந்துவிட்டான்.

நூறு வருடத்துக்கு முந்தைய முத்திரைத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, எழுத்து பழுப்பேறி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அரைக்காணி நிலம் விற்ற பத்திரம். விற்றது யார் என்ற இடத்தில் அவன் தாத்தாவின் பெயர், கூடவே 'மைனர்' என்று. அடுத்த வரியில் 'மேற்படி மைனரின் தாயாரும் கார்டியனுமான' என்று எழுதி, ஒரு பெண்ணின் பெயர். கீழே அவளுடைய கைநாட்டு.

புருஷன் செத்துப்போய், கையில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இருந்த நிலத்தை விற்ற அந்த ஒரு நாளில் மட்டும் அரசாங்கத்துக்கு அவள் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவள் பெயரை எழுதவில்லை.

என் மாணவன் அந்த ரேகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பையன் கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டுப் பெயரை எழுதினான், ஒருமுறை தமிழில், ஒருமுறை ஸ்வீடிஷில். அந்தப் பெயர் அவர்கள் வீட்டுச் சொத்து. அதனால் இங்கே எழுதவில்லை.

நிலமே இல்லாதவர்களுக்கு? பல குடும்பங்களில் முதல் காகிதம் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுதான். அதை எழுதியது எங்களைப் போன்ற ஆசிரியர்கள். இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறந்த தேதி தெரியாது என்று வந்த பிள்ளைகளுக்கு நாங்களாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டோம். வருடா வருடம் ஜூனில் கேக் வெட்டுகிற உங்களில் பாதிப் பேர் என்னை மன்னிக்க வேண்டும்! ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நான் எழுதிய அந்தப் பதிவேட்டில் தகப்பனார் பெயருக்குக் கட்டம் இருந்தது, தாயார் பெயருக்கு இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவள் அம்மாதான். அவளிடமே "அப்பா பேரு சொல்லும்மா" என்று கேட்டு எழுதினேன். ஓரத்தில் அவள் பெயரையும் எழுதி வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஒருநாளும் தோன்றவில்லை.

சரி, இப்போது வீட்டுப்பாடம். பழைய பத்திரம் இருந்தால் மூலப்பத்திரம் வரை படியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில ஆவணங்கள் இருக்கின்றன. தாத்தா படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் குப்பையில் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் மூத்தவரிடம் இன்றைக்கே போய் உட்காருங்கள். பதிவேடு நூறு வருடம் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார்.

பேரன் என்றால் பெயரன், தாத்தா பெயரைச் சுமப்பவன் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பேத்தியும் பெயர்த்திதான். யாருடைய பெயரைச் சுமக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

உறவினர்களுக்கு ஒரு தனி விண்ணப்பம். என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டியின் அம்மா பெயர் தெரியாது. செங்கல்பட்டுச் சித்தி வீட்டிலோ ஊரப்பாக்கம் மாமா வீட்டிலோ யாருக்காவது ஞாபகம் இருந்தால், நள்ளிரவானாலும் பரவாயில்லை, போன் போடுங்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்
மேற்குத் தாம்பரம்