ஒரு லட்சம் கிலோமீட்டர் ரத்தக் குழாய்

நம் உடம்பின் ரத்தக் குழாய்களை எல்லாம் நீட்டி வைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர், பூமியை இரண்டரை தடவை சுற்றலாம். பொது அறிவுப் புத்தகத்திலும் வாட்ஸ்அப்பிலும் படித்திருப்பீர்கள். யார் அளந்தது?

யாரும் அளக்கவில்லை. 1920இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் க்ரோக், 1922இல் தந்துகிகள் பற்றி எழுதிய புத்தகத்தில் போட்ட கணக்கு இது. அதுவும் தசையில் ஓடும் தந்துகிகளுக்கு மட்டும். ஒருவருக்குத் தசை 50 கிலோ, குறுக்குவெட்டில் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகி என்று வைத்துக்கொள்கிறார். அவர் எண்ணியது விலங்குகளின் தசையில். மனிதனுக்கு இது அனுமானம்தான்.

நானும் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ தசை என்றால் சுமார் 5 கோடி கன மில்லிமீட்டர். 2,000ஆல் பெருக்கினால் 10,000 கோடி மில்லிமீட்டர். கச்சிதமா ஒரு லட்சம் கிலோமீட்டர்!

பெருக்கலில் தப்பே இல்லை, உள்ளே போட்ட எண்கள்தான் உதைக்குது. 50 கிலோ தசை வேண்டுமானால் பயில்வானிடம் தேடலாம். 70 கிலோ ஆளுக்கு 30 கிலோ தேறினாலே அதிகம். பிற்காலத்தில் மனிதத் தசையிலேயே எண்ணியபோது தந்துகி சதுர மில்லிமீட்டருக்கு 300, 400தான் வந்தது. இவற்றை வைத்துப் பெருக்கினால் பத்தாயிரம் கிலோமீட்டர் சொச்சம்.

க்ரோக் "வைத்துக்கொண்டால்" என்றுதான் ஆரம்பித்தார். எடுத்தாண்டவர்கள் முதலில் கழற்றிவிட்டது அந்த வார்த்தையை. அப்புறம் "தசை", அப்புறம் "தந்துகி".